ஒரே ஒரு தரம் கேட்டார்கள்

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று வேலை உதவி அலுவலகத்தின் கண்ணாடி அறைக்குள் நான் போய் உட்கார்ந்ததும், எனக்கென்று ஒதுக்கப்பட்ட அலுவலர் மேசையில் இருந்த கூஜாவைக் காட்டி, "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டாள். என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். எனக்கு நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ரயில் நிலையத்திலிருந்து மார்ச் மாதத்துப் பனிச் சகதியில் சறுக்கிச் சறுக்கி ஓடி வந்திருந்தேன். "வேண்டாம், நன்றி" என்றேன். அவள் சிரித்துவிட்டுத் தனக்கு மட்டும் ஊற்றிக் குடித்தாள்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வீட்டுக்குப் போகிறோம். "தேத்தண்ணி குடிக்கிறியளே?" என்று கேட்பார்கள். "வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்போம். குடித்திருக்கவே மாட்டோம். "அதென்ன, ஒரு வாய் குடியுங்கோ" என்று இரண்டாம் தரம் கேட்பார்கள். "உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்" என்போம். அதற்குள் அடுப்பில் கேத்தில் ஏறியிருக்கும். மூன்றாம் தரம் கோப்பையே முன்னால் வரும், வாங்கிக் குடிப்போம். கேட்டவுடனே ஓம் என்று சொல்கிறவரைப் பற்றி, அவர் படி இறங்கியதும் வீட்டில் கதைப்பார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் கணக்கு தெரியும்.

நான் மட்டக்களப்புப் பக்கம். நோர்வேக்கு வந்து அப்போது இருபத்திரண்டு வருடம். அதில் பதினாறு வருடம் நகர நடுவில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்தேன். மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருகிச் செருகி வலது தோள் போய்விட்டது. ஹோட்டல் கைமாறியபோது புது முதலாளிகளின் பட்டியலில் என் பெயர் இல்லை. நோய்க்காலப் பணம் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த கொடுப்பனவும் முடிந்தது. கணவர் பேர்கனில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறார். அவரைப் பற்றி இவ்வளவு போதும்.

வீட்டில் நானும் மகளும்தான். இங்கேயே பிறந்தவள், பத்தொன்பது வயது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு ஒரு வருடமாகப் பலசரக்குக் கடையில் நின்றாள். வாடகையின் பெரும்பங்கு அவளுடைய சம்பளம். அவளுக்கு துரொண்ட்ஹெய்மில் கப்பல் கட்டும் படிப்புப் படிக்க ஆசை. எட்டாம் வகுப்பிலிருந்து இந்த ஆசை. குளியலறைக் கண்ணாடியில்கூட ஒரு கப்பலின் குறுக்குவெட்டுப் படத்தை ஒட்டி வைத்திருந்தாள், முகம் கழுவும்போது எனக்கு என் முகம் பாதிதான் தெரியும். "அம்மா, உங்களுக்கு ஒரு வேலை சரிவந்தால் நான் ஒகஸ்ட்டிலை போவன்" என்று சொல்லியிருந்தாள். சரிவராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

உதவிப் பணத்தில் விழுந்தவர்களை மறுபடி வேலைக்குக் கொண்டுவர ஒரு திட்டம் இருக்கிறது. சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. ஆனால் நடத்துவது அந்தந்தப் பகுதியின் அலுவலகம். ஒஸ்லோவுக்குள்ளேயே ஒரு பகுதியில் ஒரு மாதிரி, பக்கத்துப் பகுதியில் வேறு மாதிரி. எந்தத் தெருவில் உங்கள் வீடு இருக்கிறதோ அந்தத் தெருவின் தலையெழுத்துத்தான் உங்களுக்கும். இது எனக்கு அன்று தெரியாது.

அந்தப் பெண் கணினியைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா? வேண்டாம். கதிரை வசதியாக இருக்கிறதா? நல்ல வசதி. தோள் அப்போதே இழுக்கத் தொடங்கியிருந்தது. உங்களுடைய நோர்வேஜிய மொழிக்கு நீங்களே ஒன்று முதல் ஆறு வரை எத்தனை கொடுப்பீர்கள்? இரண்டு. நான்கு கொடுத்திருக்கலாம், ஆனால் தன் வாயால் தன்னைப் புகழ்வது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவள் எல்லாவற்றையும் தட்டிக்கொண்டு போனாள். நல்ல பிள்ளை. அவளை நான் அன்றும் வெறுக்கவில்லை, இன்றும் வெறுக்கவில்லை.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. ஒரு முதியோர் இல்லத்தில் நான்கு இடங்கள் இருக்கின்றன. ஆறு மாதம் பிரக்ஸிஸ், அதாவது வேலைப் பயிற்சி. அதோடு சேர்த்துப் படிப்பு. முடித்தால் அங்கேயே நிரந்தர வேலை. ஆட்களைத் தூக்க உபகரணங்கள் எல்லாம் இருப்பதால் தோளுக்கும் பிரச்சினை இருக்காது. "பலர் காத்திருக்கிறார்கள். உங்களுக்கு இதில் விருப்பமா?" என்று கேட்டாள்.

மகள் பெட்டியோடு ரயிலில் ஏறுவதைக் கண்ணால் கண்டேன். அந்தச் சந்தோஷத்தில், ஆம், சந்தோஷத்தில்தான், என் வாய் தன்பாட்டுக்கு வேலை செய்தது. "என்னைவிடத் தேவையானவர்கள் இருந்தால் அவர்களுக்குக் கொடுங்கள். எனக்கு எது என்றாலும் பரவாயில்லை" என்றேன். சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னொரு தரம் கேட்பாள், அப்போது ஓம் என்று சொல்வதற்கு வாயில் சொல் தயாராக இருந்தது.

"சரி. உங்கள் முடிவை மதிக்கிறேன்" என்றாள். அடுத்த கேள்விக்குப் போனாள்.

நான் ஏன் அந்த இடத்திலேயே கையைத் தூக்கி, ஐயோ பிள்ளை, பொறு, எனக்கு வேண்டும் என்று சொல்லவில்லை? இதைப் பலர் கேட்டுவிட்டார்கள். நானும் என்னை ஆயிரம் தரம் கேட்டுவிட்டேன். கடைசியில் திரும்பக் கேட்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேலங்கியை மாட்டும்போதும் நினைத்தேன். அவள் கதவைத் திறந்து விடும்போதுகூட நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் இங்கே இருந்தும் இது தெரியாதா என்றால், தெரியாதுதான். அந்த இருபத்திரண்டு வருடத்தில் யாரும் எனக்கு எதையும் நீட்டி, வேண்டுமா என்று கேட்டதில்லை. ஹோட்டலில் எட்டாம் மாடி என்றார்கள், எட்டாம் மாடிக்குப் போனேன்.

இரண்டு கிழமையில் தீர்மானக் கடிதம் வந்தது. மகள் குசினி மேசையில் இருந்து வாசித்தாள். முதியோர் இல்லப் பயிற்சியை விண்ணப்பதாரர் விரும்பவில்லை என்று இருந்தது. பொதுவான வேலைப் பயிற்சிக்காக ஒரு பட்டறையில் இடம் ஒதுக்கப்படுகிறது என்று இருந்தது.

"அம்மா, ஏன் நீங்கள் நை, வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்?"

"நான் எங்கை நை எண்டு சொன்னனான்? ஆருக்கும் கூடத் தேவையெண்டால் குடுங்கோ எண்டுதானே சொன்னனான்."

"அது நை தான் அம்மா."

"அவள் இன்னொருக்கால் கேட்டிருக்க வேணும்."

"ஏன் கேக்க வேணும்? நீங்கள் சின்னப்பிள்ளையே? வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். இஞ்சை அதுதான் ரெஸ்பெக்ட்."

அவள் சின்னவளாக இருந்தபோது எங்கே போனாலும் முதல் தரம் கேட்டவுடனேயே பலகாரத் தட்டில் கை வைத்துவிடுவாள். எனக்கு மானம் போகும். மேசைக்குக் கீழே தொடையில் கிள்ளுவேன். "மூண்டாம் தரம் கேட்டால் பிறகு எடு" என்று காதுக்குள் சொல்வேன். அழமாட்டாள், என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அதே பார்வையைத்தான் அன்றும் பார்த்தாள்.

பட்டறையில் விமானங்களில் படம் பார்க்கக் கொடுக்கிற காதுக்கருவிகள் வந்து குவியும். வயர்ச் சிக்கை எடுத்து, துடைத்து, புதுப் பஞ்சு போட்டு, சின்னப் பைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு இத்தனை பெட்டி என்று அளவு. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கதிரை, ஒரே உயர மேசை, ஒரே அளவு. எனக்கு எதிரே ஒரு சோமாலியாக்காரர் இருந்தார், பக்கவாதத்தில் இடதுகை விழுந்தவர். அவருக்கும் அதே பெட்டிதான். ஒற்றைக் கையாலும் பல்லாலும் சிக்கெடுப்பார். மேற்பார்வையாளர் காலையில் வந்து எங்களைப் பார்த்து, "இங்கே எல்லோரும் சமம், ஒருவருக்கும் விசேட சலுகை கிடையாது" என்று சிரித்த முகத்தோடு சொல்வார். அந்த மனிதருக்கு அது பெருமையான விஷயம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கும், தோள் விட்டால்தானே.

செவ்வாய்க்கிழமைகளில் வேலை தேடும் வகுப்பு. சுயவிபரம் எழுதுவது எப்படி என்று திரையில் காட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பேரும் எங்களோடு இருந்து திரையைப் பார்த்தார்கள். ஆறு செவ்வாய்க்கிழமை நான் ஒரே சுயவிபரத்தை எழுதினேன். ஹோட்டல், பதினாறு வருடம். வேறு ஒன்றும் சேரவில்லை.

ஹோட்டலில் என்னோடு ஒரே மாடியில் வேலை செய்த திருகோணமலைக்காரி ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். அவளுக்கும் தோள்தான் போனது. ஒரே மாதத்தில்தான் இரண்டு பேரையும் நிறுத்தினார்கள். அவள் இருப்பது நகரின் இன்னொரு பகுதியான மோர்டென்ஸ்ருட்டில், அதனால் அவளுக்கு வேறு அலுவலகம். மே மாதம் ஒருநாள் தொலைபேசியில் எடுத்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் பிரக்ஸிஸ் தொடங்கிவிட்டாளாம்.

"அக்கா, நானும் முதல் வேண்டாம் எண்டுதான் சொன்னனான். அந்த அலுவலக மனிசி பேனையை வைச்சிட்டு என்ரை முகத்தைப் பாத்திச்சு. உண்மையாவே வேண்டாமோ எண்டு கேட்டிச்சு. நான் சும்மா சிரிச்சனான். வீட்டை போய் யோசிச்சுப்போட்டு வெள்ளிக்கிழமை வாங்கோ எண்டு சொல்லிச்சு. வெள்ளிக்கிழமை போய் ஓம் எண்டிட்டன்."

"நல்லது, நல்லது" என்றேன். தொலைபேசியை வைத்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள்மேல் எனக்கு எரிச்சல் வந்தது. அவளுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கட்டும் என்று நினைக்கவில்லை. அவளுக்கும் கிடைக்காமல் போயிருக்கலாமே என்றுதான் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. கையாலாகாதபோது மனம் அப்படித்தான் கீழே போகிறது.

அலுவலகத் தலைவரைச் சந்திக்க நேரம் கேட்டு, மூன்று கிழமை காத்திருந்து போனேன். அதே கண்ணாடி அறை. மெலிந்த மனிதர், கண்ணில் களைப்பு. "கோப்பி?" என்றார். "ஓம்" என்றேன், அவர் வாய் மூடும் முன்பே. நான் கோப்பி குடிப்பதில்லை, வயிறு எரியும். பால் வேண்டுமா என்றதற்கும் ஓம் என்றேன். அந்தக் கசப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழி முழுவதையும் அன்று செலவழித்தேன். எங்கள் வீடுகளில் எப்படிக் கேட்போம், எப்படி மறுப்போம், மூன்றாம் தரம் எப்படி வாங்குவோம் என்று எல்லாம் சொன்னேன். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, மரியாதைதான் சொன்னேன் என்றேன். அவர் உண்மையாகவே கவனித்துக் கேட்டார். "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். பிறகு, "ஆனால் எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே விதமாகக் கேட்கிறோம். உங்களிடம் மட்டும் இரண்டு தரம் கேட்டால் மற்றவர்களுக்கு அது நியாயம் இல்லை அல்லவா?" என்றார்.

எல்லோரிடமும் இரண்டு தரம் கேளுங்களேன், யார் தலை கழன்று விழப்போகிறது என்று கத்த வேண்டும் போல இருந்தது. மோர்டென்ஸ்ருட்டில் கேட்கிறார்களே என்று மட்டும் சொன்னேன். "ஒவ்வொரு அலுவலகமும் தனக்கு ஏற்றபடி நடத்தலாம், உள்ளூர்ச் சுதந்திரம்" என்றார். நான்கு இடமும் நிரம்பிவிட்டதாம். அடுத்த வசந்தத்தில் பார்க்கலாம். வேண்டுமானால் மேலிடத்துக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம், அது என் உரிமை. வாசல்வரை வந்து கை கொடுத்தார்.

அடுத்த வசந்தம் எனக்கு எதற்கு? மகள் துரொண்ட்ஹெய்ம் படிப்பில் தனக்குக் கிடைக்கும் இடத்தை எடுப்பதா விடுவதா என்று ஜூலைக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

முறைப்பாட்டை மகள்தான் எழுதினாள். கடை வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல், ஐந்து நாள் இருந்து எழுதினாள். சமமாக நடத்துவது என்றால் எல்லோருக்கும் ஒரே அளவுச் சப்பாத்துக் கொடுப்பது இல்லை என்று ஒரு வரி வைத்திருந்தாள். வாசித்து எனக்குத் தமிழில் சொன்னபோது, என் வயிற்றில் பிறந்ததா இது என்று பார்த்தேன். அவ்வளவு நேர்த்தி. அந்த நேர்த்திதான் வினையாகப் போயிற்று. ஜூலையில் பதில் வந்தது. விண்ணப்பதாரர் நீண்டகாலம் நாட்டில் வாழ்பவர். தன் தேவைகளைத் தெளிவாகவும் திறமையாகவும் எடுத்துரைக்கக்கூடியவர் என்பதை அவருடைய கடிதமே காட்டுகிறது. ஆகவே, அவர் விருப்பத்தை அலுவலகம் தவறாக விளங்கிக்கொண்டதாகக் கருத இடமில்லை. முன்னைய முடிவு மாற்றமின்றி நிற்கிறது.

மகள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்து உறைக்குள் வைத்தாள். நான் அவளுடைய கையைத் தொட்டேன். அவள் கையை இழுத்துக்கொண்டு போய்ச் சோற்றுப் பானையைக் கழுவத் தொடங்கினாள். பிழை விட்டவள் நான், தண்டனை அவளுக்கு. அந்தக் கிழமை முழுவதும் எனக்கு நித்திரையும் இல்லை, சோறும் இறங்கவில்லை. துப்புரவு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டினேன். கையைத் தூக்கிக் காட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் தோளைத் தாங்கிக்கொண்டு நிற்கிறவளை யார் எடுப்பார்கள்? கோவிலுக்குப் போகவில்லை. யாரிடமும் எதையும் கேட்கும் தெம்பு இருக்கவில்லை.

பதில் சொல்லும் கடைசி நாளுக்கு முதல் நாள், பட்டறையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மகள் குசினி வாசலில் நின்றாள். கையில் தொலைபேசி. துரொண்ட்ஹெய்ம் அனுமதியின் பக்கம் திறந்திருந்தது. ஓம் என்று ஒரு பெட்டி, இல்லை என்று ஒரு பெட்டி.

"என்ன மகள், ஓம் எண்டு போட்டிட்டியே?" என்று கேட்டேன்.

"இல்லை அம்மா. எனக்கு வேண்டாம். இந்த வருசம் கடையிலை முழுநேரம் தாறாங்கள். அந்த இடத்தை ஆரும் தேவையான ஆக்கள் எடுக்கட்டும்."

நான் சொன்ன அதே வசனம். நேரே கேட்டு நேரே சொல்கிற பிள்ளை, என்னைப்போலவே சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போகவும் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அந்த நிற்பு எனக்குத் தெரியாதா? கண்ணாடி அறைக்குள் நான் இருந்ததும் அப்படித்தான்.

இரண்டாம் தரம் நான் கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. "உண்மையாவே வேண்டாமோ, மகள்?" மூன்று சொல். கேட்டால் அவள் அழுவாள், மூன்றாம் தரம் கேட்டால் ஓம் என்பாள். ஓம் என்றால் ஒகஸ்ட்டில் ரயில் ஏறுவாள். அதற்குப் பிறகு வாடகைக்கு நான் எங்கே போவேன், இந்த வீட்டை விட்டால் எங்கே போவேன் என்று கணக்குப் பார்த்தேன். இங்கே பிறந்த பிள்ளை, வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று அவளே சொன்னவள்தானே என்றும் மனம் எனக்குச் சாட்சி தேடிக் கொடுத்தது. தலைவர் முதல் மேலிடம் வரை, ஏன் இன்னொரு தரம் கேட்கவில்லை என்று சண்டை பிடித்தவள் நான்.

அவள் நின்றாள். நானும் சப்பாத்தின் நாடாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தேன்.

"சோறு போடட்டே?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள்.